ஒரே கொழுப்புதான் செல்லைக் கொல்லவும் செய்யும், வளர்க்கவும் செய்யும்

கொழுப்புன்னு சொன்னாலே நமக்கு தொப்பையும் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டும்தான் ஞாபகம் வரும். ஆனா உடம்புல இருக்குற செல்களோட சவ்வுல ஸ்பிங்கோலிப்பிடுன்னு இன்னொரு ரகம் இருக்கு. லண்டன்ல டாக்டரா இருந்த தூதிக்கம்ங்கற ஜெர்மன்காரர் 1884-லயே மூளையை வச்சு ஆராய்ச்சி பண்ணி இதைப் பத்தி எழுதிட்டார், ஆனா அதுக்கப்புறம் ரொம்ப காலத்துக்கு இது சும்மா சவ்வு கட்டுற சரக்குன்னு நெனச்சு யாரும் பெருசா கண்டுக்கல. கேன்சர் செல் சாகுறதுலயும் வளர்றதுலயும் இதுக்குப் பங்கு இருக்குன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

இது எப்படித் தயாராகுதுன்னு பாப்போம். செல்லுக்குள்ள எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்னு ஒரு பகுதி இருக்குல்ல, அங்கதான் வேலை ஆரம்பிக்குது. செரின்ங்கற அமினோ அமிலத்தையும் 16 கார்பன் நீளமுள்ள பால்மிட்டிக் கொழுப்பு அமிலத்தையும் ஒரு என்சைம் சேர்த்து ஒட்டுது, பேரு செரின் பால்மிட்டோயில் டிரான்ஸ்ஃபெரேஸ், சுருக்கமா எஸ்பிடி. மொத்த உற்பத்தியும் எவ்ளோ வேகமா போகணும்ங்கறது பெரும்பாலும் இங்கயே முடிவாயிடும், சரக்கு ஜாஸ்தியானா ஓஆர்எம்டிஎல்னு சில புரோட்டீன்கள் வந்து எஸ்பிடிய அடக்கி வச்சிரும். அதுக்கப்புறம் இன்னும் மூணு படி தாண்டினா செராமைடு ரெடி. (முகத்துக்குப் பூசுற கிரீம்ல போட்டிருக்குமே, அதே குடும்பம்தான். அதைப் பூசுனா கேன்சர் வருமா போகுமான்னு கேக்காதீங்க, அந்தக் கதைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.)

செராமைடு வந்தப்புறம்தான் பாதை பிரியுது. செராமைடாவே செல்லுக்குள்ள சேர்ந்துச்சுன்னா வளர்ச்சி சிக்னலை அமுக்கும், மைட்டோகாண்ட்ரியாவுல ஓட்டை விழ வச்சு செல்லைத் தற்கொலை பண்ணிக்க வைக்கும். கதிர்வீச்சு, டாக்ஸோரூபிசின்ங்கற கீமோ மருந்து மாதிரி ட்ரீட்மெண்ட் எல்லாம் கேன்சர் செல்லைக் கொல்றதுல இதுக்கும் ஒரு பங்கு இருக்கு. ஆனா அதே செராமைடை வெட்டி ஸ்பிங்கோசினாக்கி, அதுல ஒரு பாஸ்பேட்டை ஒட்டிட்டா வர்ற ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் அப்படியே உல்டா, செல்லை விட்டு வெளிய போய் செல்கள் மேல சிக்னல் வாங்குற 5 வகை ரிசெப்டர்கள்ல உக்காந்து வளரு, நகரு, புது ரத்தக்குழாய் போடுன்னு ஆர்டர் போடும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற விகிதம்தான் செல்லோட தலைவிதின்னு 1996-ல ஒரு கருத்து வந்துச்சு. நெறைய கேன்சர்கள்ல பாஸ்பேட் ஒட்டுற ஸ்பிங்கோசின் கைனேஸ்-1 எகிறிக் கெடக்குறதைப் பாத்தா அது சரின்னுதான் தோணும்.

ஆனா என்னைக் கேட்டா அந்தக் கணக்கு ரொம்ப சிம்பிளா இருக்கு. செராமைடுன்னா ஒண்ணு இல்ல, வேற வேற நீளத்துல வால் ஒட்டுறதுக்கு 6 என்சைம் இருக்கு, தலை-கழுத்து கேன்சர்ல 18 கார்பன் வால் உள்ளது குறையுது, 16 கார்பன் வால் உள்ளதோ கட்டிக்கு சாதகமாவே வேலை செய்யுது. அப்ப "செராமைடு நல்லது"ன்னு மொத்தமா எப்படி சொல்றது?

இதைவிட சுவாரஸ்யம் எஸ்பிடியோட ஒரு கெட்ட பழக்கம். செரின் பத்தலன்னா அது பக்கத்துல இருக்குற அலனின்ங்கற இன்னொரு அமினோ அமிலத்தை எடுத்து ஒட்டிரும். ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு ஹைட்ராக்ஸில்தான் (ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த சின்ன துண்டு), ஆனா அந்த ஹைட்ராக்ஸில் இல்லாததால அடுத்து சர்க்கரையோ பாஸ்பேட்டோ எதையும் ஒட்ட முடியாது, வழக்கமான வழியில உடைக்கவும் முடியாது, அப்படியே தேங்கி விஷமாயிடும். எஸ்பிடி ஜீன்லயே பிழையோட பிறந்தவங்களுக்கு இந்தச் சரக்கு நரம்பைக் கெடுத்து கால்ல உணர்ச்சியே போயிடும். எலிகளுக்கு செரின் இல்லாத தீனி போட்டப்ப இதே விஷம் கட்டியில சேர்ந்து கட்டி வளர்ச்சி குறைஞ்சதுன்னு 2020-ல ரிசல்ட் வந்துச்சு.

2024-ல ராக்கஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு கதையை வேற பக்கம் திருப்பிடுச்சு. செல் வளர்ச்சியை முடுக்குற கேராஸ் ஜீன் கெட்டுப்போன கேன்சர் செல்கள்ல எஸ்பிடிய எடுத்துட்டாலும் லேப் தட்டுல அதுபாட்டுக்கு வளருது, ஆனா எலிக்குள்ள வச்சா நோய் எதிர்ப்பு செல்கள் வந்து காலி பண்ணிடுது! அப்ப அந்தக் கட்டிக்கு இந்தக் கொழுப்பு வேண்டியிருந்தது பெருக்கறதுக்கு இல்ல, ஒளிஞ்சிக்கறதுக்கு. செராமைடு மேல சர்க்கரை ஒட்டி வர்ற கிளைக்கோஸ்பிங்கோலிப்பிடு சவ்வுல இருக்குற வரைக்கும் நோய் எதிர்ப்பு செல்கள் அனுப்புற இன்டர்ஃபெரான் காமாவோட சிக்னல் உள்ள சரியா ஏறாது, அதை எடுத்துட்டா செல் மாட்டிக்கும்.

அந்தச் சர்க்கரை ஒட்டுற படியைத் தடுக்குற எலிக்லுஸ்டாட்ங்கற மாத்திரை, ஒரு கொழுப்பு உடையாம உடம்புல தேங்குற கோஷேங்கற பரம்பரை நோய்க்காக ஏற்கனவே மனுஷங்களுக்குக் குடுத்துட்டிருக்கறதுதான், எலிகள்ல அதுவும் கட்டி வளர்ச்சியைக் குறைச்சிருக்கு. அதுக்காக கேன்சருக்கு மருந்து வந்தாச்சுன்னு யாராவது ஃபார்வேர்டு அனுப்புனா நம்பிடாதீங்க, எலியில வேலை செஞ்சு மனுஷன்கிட்ட பல்பு வாங்குன மருந்துங்க ஏராளம். ஆனா இந்தக் குடும்பத்தைக் குறி வைக்கிற மருந்து ஒண்ணு ஏற்கனவே புழக்கத்துல இருக்கு. குழந்தைகளுக்கு வர்ற நியூரோபிளாஸ்டோமாங்கற நரம்புக் கேன்சர் செல்கள் மேல ஜிடி2-ன்னு ஒரு கிளைக்கோஸ்பிங்கோலிப்பிடு குவிஞ்சு கெடக்கும், அதைத் தேடிப் போய் ஒட்டி நோய் எதிர்ப்பு செல்களைக் கூப்பிட்டு விடுற டைனுடுக்சிமாப்ங்கற ஆன்டிபாடிக்கு அமெரிக்காவுல 2015-லயே அனுமதி குடுத்துட்டாங்க.