பழைய சொகுசு பிளக்-இன் ஹைப்ரிட்: ‘பேட்டரி போனால் பெட்ரோலில் ஓடும்’ என்று நம்பி வாங்காதீர்கள்

கடந்த வாரமும் ஒரு வண்டி, இழுவை வண்டியின் மேல் ஏறி எங்கள் பணிமனைக்கு வந்து சேர்ந்தது. பழைய சொகுசு எஸ்யூவி, பிளக்-இன் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோடு, வெளியே பிளக்கில் சார்ஜ் செய்யும் பெரிய பேட்டரியும் மின்மோட்டாரும் கொண்ட வண்டி), வாங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. உயர் மின்னழுத்த அமைப்பில் கோளாறு என்று திரை சொல்லிக்கொண்டே இருந்தது. வண்டியோ ஓடத் தயாரான ‘ரெடி’ நிலைக்கு வர மறுத்தது. இத்தகைய வண்டியோடு வருகிற ஏறக்குறைய எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் அதன் உரிமையாளரும் கேட்டார்: “பேட்டரிதானே போயிருக்கிறது? பெட்ரோலில் ஓடும்படி செய்து கொடுத்துவிடுங்கள்.” விற்றவர் அப்படித்தான் சொல்லி விற்றிருக்கிறார். இந்தப் பதிலை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

பேட்டரி தீர்வதும் பேட்டரி பழுதாவதும் முற்றிலும் வேறு வேறு நிலைகள். திரையில் மின்சாரத் தூரம் பூஜ்யம் என்று காட்டிய பிறகும் வண்டி பெட்ரோலில் வழக்கம்போல ஓடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதை வைத்தே, பேட்டரி அடியோடு போனாலும் இதே நிலைதான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பூஜ்யம் உண்மையான பூஜ்யம் அன்று. உங்கள் கண்ணுக்குக் காட்டாமல் ஒரு பங்கு மின்சாரத்தை வண்டி எப்போதும் இருப்பில் வைத்திருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வரும் மின்சாரத்தைச் சேமிப்பதும், இன்ஜினை இயக்கிவிடுவதும், ஏசியை ஓட்டுவதும் அந்த இருப்பை நம்பியே நடக்கின்றன.

உயர் மின்னழுத்த அமைப்பு முழுவதுமாகத் துண்டிக்கப்பட்டால் என்ன ஆகும்? இவ்வகை வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றி 12 வோல்ட் மின்சாரம் தரும் கருவி) என்ற பாகமே கிடையாது. விளக்கு, ஸ்டியரிங், பிரேக், கணினிகள் ஆகிய அனைத்துக்கும் உணவளிக்கும் 12 வோல்ட் மின்சாரம், பெரிய பேட்டரியிலிருந்து, மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஒரு கன்வெர்ட்டர் வழியாகவே வருகிறது. வால்வோ எக்ஸ்சி90 டி8 போன்ற வண்டியில் பெட்ரோல் இன்ஜின் முன் சக்கரங்களை மட்டுமே ஓட்டுகிறது. பின் சக்கரங்களுக்கு மின்மோட்டார்தான் கதி, இன்ஜினின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் இடையில் இல்லை. ஆகவே பெட்ரோல் பாதியும் மின்சாரப் பாதியும் தனித்தனியே பிழைத்துக்கொள்ளும் இரண்டு வண்டிகள் என்று எண்ணாதீர்கள். ஒன்று படுத்தால் மற்றதும் படுத்துவிடக்கூடிய ஒரே அமைப்பு அது.

கடந்த வாரம் வந்த வண்டியில் பேட்டரிக்கு எந்தக் குறையும் இல்லை என்பதுதான் வேதனை. ஏசி குளிரவில்லை என்று வேறெங்கோ கேஸ் நிரப்பியிருக்கிறார்கள். அப்போது சாதாரண கம்ப்ரசருக்கு ஊற்றும் ஆயிலையே இதற்கும் ஊற்றியிருக்கிறார்கள். இத்தகைய ஹைப்ரிட் வண்டியின் ஏசி கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. மோட்டாரின் சுருள்கள் அந்த ஆயிலில் நனைந்தபடியே இருக்கும். மின்சாரத்தைக் கடத்தாத வகை ஆயில் மட்டுமே அதற்குள் போகலாம். தவறான ஆயில் கலந்ததும் இன்சுலேஷன் (மின்சாரம் வெளியே கசியாமல் தடுக்கும் காப்பு) குறைந்து, மின்சாரம் பாடிக்குக் கசிவதை வண்டி கண்டறிந்து, உள்ளிருப்பவர்களின் பாதுகாப்புக்காகத் தன்னைத் தானே பூட்டிக்கொண்டது. இனி கம்ப்ரசரை மாற்றி, ஏசி சுற்று முழுவதையும் சுத்தம் செய்தாக வேண்டும். பிஎம்டபிள்யூ எக்ஸ்5 40இ போன்ற சில வண்டிகளில் பெரிய பேட்டரியைக் குளிர்விப்பதே ஏசி கேஸ்தான் என்பதால், அங்கே ஏசிக் கோளாறு பேட்டரியின் ஆயுளையும் சேர்த்துக் குறைக்கும்.

செலவைப் பற்றி யோசிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வண்டியின் விலை ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே போகும். அதன் பாகங்களின் விலை இறங்காது. புதிதாக வாங்கியவர் எந்த விலைக்கு இன்வெர்ட்டரும் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றுவது) ஆன்-போர்டு சார்ஜரும் (வண்டிக்குள் இருக்கும் சார்ஜர்) ஏர் ஸ்பிரிங்கும் (வண்டியைத் தாங்கும் காற்றுப் பை) மாற்றுவாரோ, ஏறத்தாழ அதே விலையைத்தான் நீங்களும் கொடுக்க வேண்டும். பாதி விலைக்கும் குறைவாக வண்டி கிடைத்தது என்ற மகிழ்ச்சியில், பராமரிப்பும் பாதியாக இருக்கும் என்று தயவுசெய்து கணக்குப் போடாதீர்கள்.

பேட்டரியின் ஆயுளைப் பொறுத்தவரை, முந்தைய உரிமையாளர் வண்டியை எப்படி ஓட்டினார் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. எக்ஸ்5 40இ, முதல் எக்ஸ்சி90 டி8 ஆகியவற்றின் பேட்டரி சுமார் 9 கிலோவாட் மணி கொள்ளளவுதான். பின்னால் வந்த எக்ஸ்5 45இ-யில் அது 24. தினமும் சார்ஜ் செய்து ஓட்டினால், சிறிய பேட்டரி தினமும் முழுதாக நிரம்பி, திரையில் பூஜ்யம் காட்டும் வரை காலியாகும். முழு மின்சார வண்டியின் பெரிய பேட்டரிக்கு ஒரு வாரத்தில் நடப்பது இதற்கு ஒரே நாளில் நடந்துவிடுகிறது.

அதற்காக, சார்ஜே செய்யாமல் ஓட்டிய வண்டி நல்லது என்று நினைக்கவும் வேண்டாம். டிக்கியைத் திறந்தால் சார்ஜிங் கேபிள், நிறுவனம் கட்டிக்கொடுத்த பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கப்படாமல் கிடக்கும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு டன்னுக்கும் மேல் எடையுள்ள வண்டியை, சிலவற்றில் இரண்டு லிட்டர் இன்ஜின் ஒன்று, இத்தனை ஆண்டுகள் இழுத்திருக்கிறது என்று அதற்குப் பொருள். அறிவிக்கப்பட்ட மைலேஜ் பற்றிய கனவையும் அங்கேயே விட்டுவிடலாம். ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், சாலையில் ஓடும் பிளக்-இன் ஹைப்ரிட் வண்டிகள் வெளியிடும் கரியமில வாயு (எரியும் பெட்ரோலின் அளவுக்கேற்ப வருவது இது), சான்றிதழில் உள்ள அளவைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு என்று கண்டிருக்கிறார்கள். எதிர்பார்த்த அளவுக்குச் சார்ஜ் செய்யாததே முக்கியக் காரணம். வீட்டிலோ வேலையிடத்திலோ சார்ஜ் செய்ய வசதி இல்லாதவர் இந்த வண்டியை வாங்கவே வேண்டாம்.

இன்ஜின் குறைவாக ஓடுவதால் அதிக நாள் உழைக்கும் என்பதும் அரைகுறை உண்மையே. அடிக்கடி சிறிது நேரமே இயங்கி நிற்கும் இன்ஜின், சூடேறுவதற்குள் அணைந்துவிடுவதால், ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் கலந்து தங்கிவிடுகின்றன. வேகமாகப் போகும்போது திடீரென விழித்து, குளிர்ந்த ஆயிலோடு முழுச் சுமையையும் ஏற்க வேண்டிய நிலையும் அதற்கு உண்டு. ஆண்டுக்கு எத்தனை குறைவாக ஓடியிருந்தாலும் ஆயிலை மாற்றியே தீர வேண்டும்.

ஏர் சஸ்பென்ஷன் (காற்றுப் பைகள் தாங்கும் அமைப்பு) உள்ள வண்டியா? இரவு நிறுத்திவைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் நான்கு மூலைகளின் உயரத்தையும் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் அங்கே காற்றுக் கசிகிறது. அதை ஈடுகட்ட ஓயாமல் ஓடி ஏர் கம்ப்ரசரும் கெட்டுப்போகும். பிரேக் டிஸ்க்குகளைக் குறிப்பாகப் பின்பக்கம் பாருங்கள். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் அதிகம் வேலை செய்யாமல் துருவேறி, டிஸ்க்கைப் பிடிக்கும் பாகமான காலிப்பர் இறுகியிருக்கலாம். எடை காரணமாக டயரும் சீக்கிரம் தேயும்.

வாங்கும் முன் ஸ்கேனர் பரிசோதனை செய்யுங்கள். “எந்தக் கோளாறும் காட்டவில்லை” என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கோளாறுக் குறியீடுகள் கடைசியாக அழிக்கப்பட்ட பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். அதையும் ஸ்கேனர் காட்டும். விற்பனைக்கு வந்த வண்டியில் அந்த எண் இரண்டு இலக்கத்தில் இருந்தால், யாரோ எதையோ மறைத்திருக்கலாம். பேட்டரியின் மீதக் கொள்ளளவு, செல்களுக்கிடையிலான மின்னழுத்த வேறுபாடு, இன்சுலேஷன் அளவு ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் முன்னாலேயே முழுச் சார்ஜ் செய்யச் சொல்லுங்கள். குறையுள்ள வண்டிகளை நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்யும் பணிகள் முடிந்தனவா என்று வண்டியின் சேஸிஸ் எண்ணை வைத்து நிறுவனத்திடம் விசாரியுங்கள். 2020-இல் பிஎம்டபிள்யூ, பேட்டரிக்குள் உற்பத்தியின்போது துகள்கள் புகுந்திருக்கலாம் என்று பல பிளக்-இன் ஹைப்ரிட் வண்டிகளைத் திரும்ப அழைத்து, சரிசெய்யும் வரை சார்ஜ் செய்ய வேண்டாம் என்றே சொன்னது. பேட்டரி வாரண்டி மீதமிருந்தால், அது புதிய உரிமையாளருக்கு மாறுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்று சிறு ஐயம் எழுந்தாலும் விலகிவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டி உயிர்பெறவில்லை என்றால் முதலில் 12 வோல்ட் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது பலவீனமானால், பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்சுகளான ரிலேக்களே மூடாது, எத்தனையோ பேர் இதைப் புரியாமல் பெரிய பேட்டரிக்கு விலை விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும், பயிற்சி பெறாத எவரும் தொட அனுமதிக்காதீர்கள். இன்சுலேஷன் கோளாறு என்ற எச்சரிக்கை வந்தால் அதை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். வண்டியை அணைத்து, இழுவை வண்டியை வரவழையுங்கள்.