டோல், சுங்கம், உல்கு: ஊரைச் சுற்றும் கட்டணச் சாலையை என்னவென்று சொல்வது?

வண்டலூரில் தொடங்கி, நசரத்பேட்டை, நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் வரை சென்னையின் மேற்குப் பக்கத்தைச் சுற்றிக்கொண்டு 62 கிலோமீட்டருக்கு ஒரு சாலை போகிறது. அரசு ஏடுகளில் அதன் பெயர் சென்னை வெளிவட்டச் சாலை. லாரிக்காரர்களுக்கு அது ‘அவுட்டர்’. வரதராஜபுரம், கொளப்பஞ்சேரி, பாலவேடு, சின்னமுல்லைவாயல் என்று நான்கு இடங்களில் பணம் கட்ட வேண்டும். கட்டுகிற இடமும் ‘டோல்’, கட்டுகிற பணமும் ‘டோல்’. ‘டோல் ஏறிடுச்சு’ என்றால் பணம். ‘டோல் தாண்டிட்டேன்’ என்றால் இடம். ‘டோல் ரோட்டுல வந்துரு’ என்றால் சாலை.

பேச்சில் இதனால் யாருக்கும் குழப்பமில்லை. எழுத்தில்தான் சிக்கல். செய்திகளில் மூன்றுக்கும் சுங்கம் என்ற ஒரே சொல்லைப் போட்டு ஒப்பேற்றிவிடுகிறார்கள்: சுங்கச்சாவடி, சுங்கக் கட்டணம், சுங்கச் சாலை. முதலாவது நல்ல சொல், இருக்கட்டும். மற்ற இரண்டையும் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்ல, இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று முதலில் பார்த்துவிடலாம்.

‘டோல்’ ஆங்கிலத்தில் பழைய சொல். கிரேக்கத்தில் வரியைக் குறித்த ‘தெலோஸ்’, அதை வசூலிக்கும் இடத்தைக் குறித்த ‘தெலோனியோன்’, அங்கிருந்து லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் வரலாறு. இதில் நமக்கு ஒரு சுவையான தொடர்பு இருக்கிறது. விவிலியத்தில் மத்தேயு உட்கார்ந்திருந்த இடம் மூலத்தில் இந்தத் ‘தெலோனியோன்’தான். பழைய தமிழ் வேதாகமம் அதை ‘ஆயத்துறை’ என்றது. அங்கே வரி வாங்கியவர்கள் ‘ஆயக்காரர்’. பின்னால் வந்த பொது மொழிபெயர்ப்பு அதே இடத்தைச் ‘சுங்கச்சாவடி’ என்றது. ஆக, டோல் என்ற சொல்லின் தாய்ச்சொல்லைத் தமிழ் ஏற்கெனவே இரண்டு முறை மொழிபெயர்த்துவிட்டது. நெடுஞ்சாலைத் துறைக்காக யாரும் புதிதாக உருவாக்கிய சொல் இல்லை சுங்கச்சாவடி.

சாவடியும் பழகிய சொல்தான். வழிப்போக்கர் தங்கும் மண்டபம், ஊர்ப் பொதுக்கட்டடம், காவலர் நிற்கும் இடம் எல்லாமே சாவடி. தெலுங்கிலும் அதே சொல் உண்டு. நின்று போகிற இடம் என்ற பொருள் அதில் இருப்பதால் பணம் கட்டும் இடத்துக்கும் பொருந்திப் போனது.

சுங்கம் எங்கிருந்து வந்தது? வடமொழியில் சுல்கம், பாலியில் சுங்கம். தமிழ்ச் சுங்கம் அந்தப் பாலி, பிராகிருத வடிவத்துக்கு மிக நெருக்கமாக நிற்கிறது. ஆனால் சங்க இலக்கியத்தில் கண்ணில் படுவது அதே பொருள் தரும் உல்கு. இதையும் சுல்கத்தோடு சேர்ப்பவர்கள் உண்டு, தனித்தமிழ்ச் சொல் என்பவர்களும் உண்டு. எந்தப் பக்கம் நின்றாலும், ஈராயிரம் ஆண்டாகத் தமிழில் ஊறிய சொல் அது. குறளில் வேந்தனுக்கு உரிய பொருளைப் பட்டியலிடும்போது, ‘உறுபொருளும் உல்குபொருளும்’ என்று தொடங்குகிறார் வள்ளுவர்.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டகசாலைக் காட்சி ஒன்று வரும். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கும் கப்பலேறப் போகும் சரக்கும் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. சூரியனின் தேரில் பூட்டிய குதிரைகள் போல ஓய்வில்லாமல் நாள்தோறும் உல்கு வாங்குகிறார்கள் அலுவலர்கள். வாங்கி முடித்த மூட்டையின் மேல் சோழனின் புலி முத்திரை குத்தி வெளியே அனுப்புகிறார்கள். ‘புலி பொறித்துப் புறம்போக்கி’ என்கிறது பாட்டு. இன்று வண்டியின் கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேக் செய்கிற வேலையை அன்று புலி செய்திருக்கிறது.

அது துறைமுகம். நமக்கு வேண்டியது சாலை. அதே புலவர், கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அதற்கும் இடம் வைத்திருக்கிறார். தேடிப் பார்க்கலாம், எண்பதாவது அடியை ஒட்டி வரும். சிறிய சுளைகளைக் கொண்ட பெரிய பலாப்பழம் போல் புடைத்த மிளகு மூட்டைகளைச் சுமந்து, முதுகில் காய்ப்பு ஏறிய கழுதைகள் சாத்தோடு, அதாவது வணிகர் கூட்டத்தோடு, நடந்து வருகின்றன. அவை வரும் வழிக்குப் புலவர் வைத்த பெயர் ‘உல்குடைப் பெருவழி’. உல்கு உடைய பெருவழி. டோல் ஹைவே என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழை இனி ஒருவர் உருவாக்க முடியாது.

அடுத்த சொல்லையும் விடக்கூடாது. ‘உல்குடைப் பெருவழிக் கவலை காக்கும் வில்லுடை வைப்பு’ என்று வரி தொடர்கிறது. கவலை என்றால் இங்கே வழி பிரியும் இடம், கவர்வழி. அந்தப் பிரிவில் வில்லேந்திய வீரர் காவல் நிற்கிறார்கள். உல்கு வாங்கிய அரசு, வாங்கியதற்குப் பதிலாகக் காட்டுவழியில் வணிகருக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. வசூலும் காவலும் ஒரே அடியில் நிற்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

பெருவழி என்ற சொல் இலக்கியத்தோடு நின்றுவிடவில்லை, கல்லிலும் இருக்கிறது. கோவைப் பக்கம் ராஜகேசரிப் பெருவழிக் கல்வெட்டு உண்டு. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் இன்னும் அருமையானது. நாவற்தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று எழுதி, கூடவே இரண்டு பெரிய குழியும் ஒன்பது சிறிய குழியும் வெட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய குழி ஒன்றுக்குப் பத்து, சிறிய குழிக்கு ஒன்று. எழுத்துத் தெரியாத வழிப்போக்கன் விரலால் தடவியே தூரம் தெரிந்துகொள்ளலாம். மைல்கல் என்ற சொல் வருவதற்கு முன்பே பெருவழி என்ற சொல்லும் அதற்குரிய ஏற்பாடும் நம்மிடம் இருந்தன.

சுங்கத்தை ஒழித்ததற்காகவே புகழ் பெற்ற அரசனும் உண்டு. முதலாம் குலோத்துங்கன் (1070–1120) ‘சுங்கம் தவிர்த்த சோழன்’. எவ்வளவு பெரிய நிம்மதி என்றால், அது பட்டப்பெயராகவே நிலைத்துவிட்டது. சரக்கு ஊர் விட்டு ஊர் போகும்போது வாங்கும் வரி அதன் பிறகும் பலமுறை வந்தது, போனது. கும்பெனி ஆட்சியில் சென்னை மாகாணத்தின் உள்நாட்டுச் சரக்கு வரி 1844இல்தான் எடுக்கப்பட்டது. அப்புறம் 1851இல் சாலைகளிலும் பாலங்களிலும் கட்டணம் வாங்க இந்தியச் சுங்கச் சட்டம் வந்தது. அந்தக் காலத்து வசூல் வாயில்கள் போய் நெடுநாள் ஆகியும் பெயர்கள் மட்டும் ஊர்ப்பெயராக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. திருச்சியில் நம்பர் 1 டோல்கேட், டி.வி.எஸ். டோல்கேட். வடசென்னையில் டோல்கேட் என்றே மெட்ரோ நிலையம். கோவையில் திருச்சி சாலையில் சுங்கம். ‘சுங்கத்துல இறங்கிக்கிறேன்’ என்று சொல்கிறவர் யாரும் வரியை நினைத்துச் சொல்வதில்லை.

இப்போது என் மறுப்புக்கு வருகிறேன்.

சுங்கம், உல்கு இரண்டும் பெரும்பாலும் சரக்கின் மேல் விழுந்தவை. அரசன் விதித்தான், அரசன் தவிர்த்தான். கேள்வி கேட்க ஏதுமில்லை. இன்றைய வெளிவட்டச் சாலையில் நாம் கட்டுவது வேறு. சரக்கு என்ன என்று யாரும் பார்ப்பதில்லை, வண்டி என்ன வகை என்று பார்க்கிறார்கள். சாலையைக் கட்டிய செலவு, பராமரிப்பு, ஒப்பந்த ஆண்டுகள் என்று அதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைகளுக்கான 2008ஆம் ஆண்டு விதிகள் இதை வரி என்று சொல்வதே இல்லை, கட்டணம் என்றுதான் சொல்கின்றன. வரி பொதுக் கருவூலத்துக்குப் போகும், குறிப்பிட்ட ஒன்றைப் பதிலுக்குக் கேட்க முடியாது. கட்டணத்துக்குப் பதில் கேட்கலாம். சாலை குண்டும் குழியுமாக இருந்தால், விளக்கு எரியாவிட்டால், ‘எதற்குக் கட்டினேன்’ என்று கேட்க அந்தச் சொல்லிலேயே இடமிருக்கிறது.

‘சுங்கக் கட்டணம்’ என்பது நடுசென்டர் மாதிரி. சுங்கமே வாங்கப்படும் பணம், அதன் மேல் இன்னொரு கட்டணம் எதற்கு? இன்னொரு குழப்பமும் உண்டு. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இறங்கிய ஒரு கண்டெய்னரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அதற்குக் கட்டுவது சுங்க வரி, வாங்குவது சுங்கத்துறை. அதே கண்டெய்னர் லாரியில் ஏறி மீஞ்சூர் வந்து வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் சின்னமுல்லைவாயலில் மறுபடியும் ‘சுங்கம்’. ஒன்று ஒன்றிய அரசின் இறக்குமதி வரி, மற்றது மாநிலச் சாலைக்கான கட்டணம். கணக்கை எழுதுகிறவர் இரண்டையும் சுங்கம் என்று எழுதினால் தணிக்கைக்கு வருகிறவர் என்ன புரிந்துகொள்வார்? சாலையில் கட்டுவதைச் சாலைக் கட்டணம் என்றே எழுதிவிடலாம். கட்டுவது கட்டணம், யாருக்கும் விளங்கும்.

அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பதும் சாலைக்குச் சாலை மாறும். சென்னை வெளிவட்டச் சாலையைக் கட்டியபோது போட்ட ஒப்பந்தத்தில், கட்டிய நிறுவனம் நேரடியாகச் சாவடி வசூலை நம்பி இருக்கவில்லை. அரசு ஆண்டுக்கு இரண்டு தவணையாகப் பணம் தரும் என்பது ஏற்பாடு. வண்டலூர்–நெமிலிச்சேரிப் பகுதி 2014இல் திறந்தது, நெமிலிச்சேரி–மீஞ்சூர்ப் பகுதி பின்னால் வந்தது. ஐதராபாத்தில் கதை வேறு. அங்கே ஊரை முழுதாகச் சுற்றி வரும் 158 கிலோமீட்டர், எட்டுத்தட வெளிவட்டச் சாலையை அரசு கட்டி முடித்து, 2023இல் 7,380 கோடி ரூபாய்க்கு 30 ஆண்டு தனியாருக்கு விட்டது. இதற்கு ஆங்கிலத்தில் மூன்று வினைச்சொல் சேர்ந்த நீளமான பெயர் உண்டு. தமிழில் அதைப் பார்த்து மொழிபெயர்க்க வேண்டியதில்லை. குத்தகை என்று சொன்னால் போதும். ஏரிக்கும் தோப்புக்கும் நாம் சொல்கிற அதே குத்தகைதான். ஐதராபாத்துச் சாலையில் ஏறுமிடத்திலிருந்து இறங்குமிடம் வரை ஓடிய தூரத்துக்கு மட்டும் பணம். கட்டணம் என்ற சொல் அங்கே இன்னும் பொருந்துகிறது.

வட்டம் என்பதைப் பற்றிக் கொஞ்சம். ஐதராபாத்துச் சாலை வட்டம்தான். சென்னையுடையது வட்டமில்லை, கிழக்கே கடல் இருப்பதால் அது ஒரு வில்வளைவு. அதனாலேயே சிலர் சுற்றுச்சாலை சரியா, வட்டச்சாலை சரியா என்று கேட்கிறார்கள். உள்வட்டம், வெளிவட்டம் என்று ஜோடியாக நிற்பதால் வெளிவட்டச் சாலை பழகிவிட்டது, அப்படியே இருக்கலாம். இதைப் புறவழிச்சாலையோடு மட்டும் குழப்பக்கூடாது. பெருங்களத்தூர் பக்கம் தொடங்கும் சென்னை பைபாஸ்தான் புறவழிச்சாலை. ஊருக்குள் நுழையாமல் ஒதுங்கிப் போகும் வழி அது. வட்டச்சாலை, ஊரிலிருந்து வெளியே பிரிந்து போகும் ஆரச்சாலைகளை ஒன்றோடொன்று தைக்கிறது. வெளிவட்டச் சாலை ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையிலிருந்து கிளம்பி, பெங்களூர்ச் சாலை, திருவள்ளூர்ச் சாலை, கொல்கத்தாச் சாலை எல்லாவற்றையும் வெட்டிப் போகிறது. இலங்கைத் தமிழில் வழக்கு வேறு. கொழும்பைச் சுற்றி கொட்டாவையிலிருந்து கெரவலப்பிட்டி வரை போகும் கட்டணச் சாலையை அங்கே அதிவேக நெடுஞ்சாலை என்கிறார்கள். அங்கே வேகம் முதலில் வருகிறது, கட்டணம் பெயரில் இல்லை.

சென்னையில் இன்னொரு சுற்று வந்துகொண்டிருக்கிறது. எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர், திருப்பெரும்புதூர், சிங்கபெருமாள்கோயில் வழியாக மாமல்லபுரம் பக்கம் பூஞ்சேரி வரை சுமார் 133 கிலோமீட்டர். இதற்கு அரசு வைத்த பெயர் சென்னை எல்லைச் சாலை. அருமையான பெயர். ஆங்கிலப் பெயரை எழுத்துக்கு எழுத்து மாற்றாமல், ஊரின் எல்லையை ஒட்டிப் போகிற சாலை என்று தமிழில் யோசித்து வைத்திருக்கிறார்கள். அந்தத் துணிச்சலைக் கட்டண விஷயத்திலும் காட்டலாம்.

பணத்துக்குச் சாலைக் கட்டணம், இடத்துக்குச் சுங்கச்சாவடி, சாலைக்குக் கட்டணப் பெருவழி. மொத்தமாக ஒரு வகையைச் சொல்ல வேண்டுமானால் புறநகர்க் கட்டணப் பெருவழி. சுங்கச்சாவடியையும் கட்டணச்சாவடி ஆக்கலாமே என்று கேட்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன், ஆனால் மக்கள் வாயில் நிலைத்த சொல்லை விரட்டத் தேவையில்லை. உல்குவைத் திரும்பக் கொண்டுவரலாமா என்றால், பாடநூலில் வேண்டும், பலகையில் வேண்டாம். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு அகராதி பார்க்க நேரமிருக்காது. பெருவழி அப்படியில்லை, படித்தவுடன் புரியும். எல்லைச் சாலையில் இன்னும் வேலை நடக்கிறது, எல்லா இடத்திலும் பலகை நட்டாகவில்லை. நெடுஞ்சாலைத் துறை ‘கட்டணப் பெருவழி தொடக்கம்’ என்று எழுத இது நல்ல நேரம்.