விசா ஸ்டிக்கரைப் படித்தீர்களா?

பாஸ்போர்ட்டை வாங்கிப் போன மறுநாளே அந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "சார், நாம மே 10லேர்ந்து 22 வரைக்கும்தானே கேட்டோம்? ஜூன் 6 வரைக்கும் கொடுத்திருக்காங்க. திரும்புற டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுடலாமா? ரோம்ல மச்சினர் பையன் இருக்கான்."

"தேதிக்குக் கீழே நாட்கள்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல என்ன போட்டிருக்கு?"

"13."

"அப்ப 13 நாள்தான் சார்."

திருச்சியில் பதினாறு வருடமாக விசா விண்ணப்பங்கள் தயார் செய்து கொடுக்கிறேன். விசா கிடைக்குமா என்று என் மேஜைக்கு முன்னால் மணிக்கணக்கில் கவலைப்படுகிறவர்கள், கிடைத்த விசாவை ஒரு நிமிடம் உட்கார்ந்து படிப்பதில்லை. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக உதவும் ஷெங்கன் விசாவில்தான் இந்த வினை அதிகம்.

அந்த ஸ்டிக்கரில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. அது நீங்கள் தங்கலாம் என்று சொல்லும் காலமல்ல. அந்த இடைவெளிக்குள் போய்விட்டு வந்துவிட வேண்டும் என்பதற்கான எல்லை. பயணம் சில நாள் தள்ளிப்போனால் சமாளிக்கட்டும் என்று 15 நாள் கூடுதலாகச் சேர்த்துப் போடுவார்கள். தலைமையாசிரியருக்குக் கிடைத்த ஜூன் 6 அப்படி வந்ததுதான். இரண்டு, தங்கும் நாட்கள். உள்ளே கால் வைக்கிற நாளும் கிளம்புகிற நாளும் சேர்த்துத்தான் கணக்கு. இரவு பதினொன்றே முக்காலுக்கு இமிகிரேஷனைத் தாண்டினால் அந்தக் கால் மணி நேரமும் ஒரு முழு நாள். மூன்றாவது, எத்தனை முறை நுழையலாம் என்பது. 01, 02, அல்லது பலமுறை.

இந்த மூன்றாவதில் மாட்டிக்கொண்டவர்கள் கதை எனக்கு மறக்காது. நாலு பேர் குடும்பம். வேறு ஒரு ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டம்: முதலில் பாரிஸ், அப்புறம் லண்டன், அங்கிருந்து ரோம், ரோமிலிருந்து சென்னை. இங்கிலாந்துக்குத் தனி விசா எடுத்திருந்தார்கள், அதில் குறையில்லை. ஆனால் ஷெங்கன் விசாவில் 01. பாரிஸை விட்டு லண்டனுக்குப் பறந்த நிமிடமே அந்த விசா தீர்ந்துவிட்டது. ரோம் போகிற விமானத்தில் ஏற்ற லண்டனில் மறுத்துவிட்டார்கள். ரோம் ஹோட்டல், அங்கிருந்து ஊர் திரும்பும் டிக்கெட் எல்லாம் போச்சு. லண்டனிலிருந்தே சென்னைக்குப் புது டிக்கெட், அதுவும் நாலு பேருக்கு. விண்ணப்பப் படிவத்தில் எத்தனை முறை நுழைவு என்று கேட்கிற இடத்தில் ஒரு டிக் மாற்றிப் போட்டுக் கேட்டிருக்க வேண்டிய விஷயம். ஊருக்கு வந்து என்னிடம் ஸ்டிக்கரைக் காட்டி, "எங்க சார் எழுதியிருக்கு?" என்று கேட்டபோது எனக்கே சங்கடமாக இருந்தது.

ஐரோப்பா வேறு, ஐரோப்பிய ஒன்றியம் வேறு, ஷெங்கன் வேறு. 2025 ஜனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்த பிறகு ஷெங்கனில் 29 நாடுகள். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. அயர்லாந்து ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. இங்கிலாந்து ஒன்றியம், ஷெங்கன் இரண்டிலும் இல்லை.

அடுத்து, மகள் பிரசவத்துக்குப் போகும் அம்மாக்கள். அமெரிக்காவில் இறங்கும்போது பெரும்பாலும் ஆறு மாதம் தங்க அனுமதி தருவார்கள் என்பது நம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதே நினைப்பில் ஜெர்மனிக்கும் ஆறு மாதம் கேட்கிறார்கள். ஷெங்கனில் நடக்காது. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. "90 நாள் ஆனதும் துபாய் வரை போய்விட்டு வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும்" என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அது சுத்தப் பொய். நீங்கள் அங்கே இருக்கிற ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ணுவார்கள். மார்ச் 1 இறங்கி மே 29 கிளம்பினால் 90 நாள் முடிந்தது. மறுபடி உள்ளே போக ஆகஸ்ட் 28 ஆக வேண்டும், அதுவும் கையில் செல்லுபடியாகும் விசா இருந்தால். முன்பெல்லாம் முத்திரைகளைப் புரட்டி அதிகாரி எண்ணுவார். 2025 அக்டோபர் 12 முதல் நுழைவு, வெளியேற்றத்தைக் கணினியில் பதியும் முறை படிப்படியாக வந்துவிட்டது. இயந்திரம் எண்ணும்போது, "ரெண்டு நாள்தானே சார்" என்று யாரிடம் சொல்ல?

விண்ணப்பத்தைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. மறுத்தாலும் திரும்ப வராது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே போடலாம், 15 நாளுக்குள் என்றால் முடியாது. இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். திரும்பும் தேதிக்கு அப்புறமும் மூன்று மாதம் செல்ல வேண்டும். இரண்டு பக்கம் காலியாக வேண்டும். அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். சம நாட்கள் என்றால் முதலில் நுழையும் நாட்டுக்கு. அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறதென்று போகாத நாட்டுக்கு விண்ணப்பிக்காதீர்கள். வங்கி ஸ்டேட்மென்ட் எடுப்பதற்கு முந்தின வாரம் மாமனாரிடம் நாலு லட்சம் வாங்கிக் கணக்கில் போடுகிறவர்களும் உண்டு. அந்த வரி அங்கே பளிச்சென்று தெரியும். அதைவிட, இருக்கிற ஐம்பதாயிரத்தைக் காட்டி, செலவை நான் ஏற்கிறேன் என்று பிள்ளை அங்குள்ள அரசு அலுவலகத்தில் எழுதித் தருகிற பொறுப்பேற்புப் பத்திரத்தை வைப்பது எவ்வளவோ மேல்.

சரி, எல்லாம் ஒழுங்காக விசாவும் வந்தாயிற்று. அப்போதும் கதவு தானாகத் திறந்துவிடாது. விசா இருப்பவரையும் எல்லையில் கேள்வி கேட்கவும் திருப்பி அனுப்பவும் சட்டம் இடம் கொடுக்கிறது. எங்கே தங்குகிறாய், எத்தனை நாள், செலவுக்குப் பணம், திரும்பும் டிக்கெட் என்று நாலு கேள்விதான். ஒரு அம்மா ஃபிராங்க்பர்ட்டில் இதில் திணறிப்போனார். மகள் அனுப்பிய அழைப்புக் கடிதம், இன்சூரன்ஸ், டிக்கெட் எல்லாம் பத்திரமாக பிளாஸ்டிக் உறைக்குள், பெரிய பெட்டிக்குள். பெட்டியோ இமிகிரேஷனைத் தாண்டினால்தான் கைக்கு வரும். வெளியே நின்ற மாப்பிள்ளைக்கு அதிகாரி போன் போட்டுப் பேசி, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விட்டார்கள். அன்றிலிருந்து நான் கொடுக்கும் காகிதக் கட்டின் மேல், "கைப்பையில் வைக்கவும்" என்று சிவப்பு மையில் எழுதி விடுகிறேன்.

அதே அம்மாவுக்கு அடுத்தது சுங்கம். பிரசவித்த பெண்ணுக்கென்று காய்ச்சிய வெண்ணெய் நெய் இரண்டு கிலோவைத் திறந்து பார்த்து எடுத்துக்கொண்டார்கள். இறைச்சியும் பால் பொருளும் நம் நாட்டிலிருந்து எடுத்துப்போகக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் அடக்கம். கறிவேப்பிலைக் கட்டும் போனது. 2019 டிசம்பரிலிருந்து காய், பழம், இலை எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்து பழங்களுக்கு மட்டும்: அன்னாசி, வாழை, பேரீச்சை, டுரியன், தேங்காய். ஆக, சட்னிக்குத் தேங்காய் போகும். தாளிக்கக் கறிவேப்பிலைதான் போகாது.