அம்பாசிடருக்கு அஞ்சாவது கியர்

நாங்குநேரியைத் தாண்டிவிட்டால் காவல்கிணறு வரை நான்குவழிச் சாலை அநேகமாக நேராகவே கிடக்கிறது. புதிய கார்கள் நூறைத் தொட்டு ஓசையில்லாமல் போய்க்கொண்டிருக்கும். அதே சாலையில் 1970களின் அம்பாசிடர் எண்பதில் போனால் உள்ளே இருப்பவர்கள் கத்தித்தான் பேசிக்கொள்ள வேண்டும். எஞ்சினில் கோளாறு ஒன்றும் கிடையாது. நான்காவதுக்கு மேல் போட கியர் இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் சிலர் அந்த நான்கு கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு, வேறு வண்டியின் ஐந்து கியர் பெட்டியைப் பூட்டிக்கொள்ளப் பட்டறைக்கு வருகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் என்றும், பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியலின் பல் விகிதம் 4.5 (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு, அதை ஓட்டும் தண்டு 4.5 சுற்று) என்றும் வைத்துக்கொள்வோம். அம்பாசிடரின் அசல் அளவுகளும் கிட்டத்தட்ட இவைதான். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 667 முறை சுற்றும். அதைச் சுற்ற வைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட், அதாவது கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டு, 3000 முறை சுற்ற வேண்டும். நான்காவது கியரின் விகிதம் 1 என்பதால் எஞ்சினும் அதே 3000. ஐந்தாவது கியரின் விகிதம் 0.8 ஆக இருந்தால் எஞ்சினுக்கு 2400 சுற்று போதும். ஒரு மணி நேரம் ஓட்டினால் 36,000 சுற்று மிச்சம். அத்தனை முறை பிஸ்டன் ஏறி இறங்கவில்லை, அத்தனை உரசலும் இல்லை.

அம்பாசிடரின் மூலம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசை. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், சுமார் 50 குதிரைத்திறன், ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர் ராடு, நான்கு கியர். அறுபதில் போவதே வேகம் என்றிருந்த சாலைகளுக்கு அது தாராளம். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து உலகமே பெட்ரோலை எண்ணிச் செலவழிக்கத் தொடங்கிய பிறகுதான் சாதாரணக் கார்களிலும் ஐந்தாவது கியர் பரவியது. 1990களில் அம்பாசிடரே 1817 சி.சி. இசுசு எஞ்சினோடும் ஐந்து கியரோடும் வந்தது.

பட்டறைக்கு வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “அண்ணாச்சி, அஞ்சாவது போட்டா வண்டி பறக்கும்லா?” பறக்காது. பழைய எஞ்சின் தன் முழுச் சக்தியைத் தருவது சுமார் 4200 சுற்றில். நம் கணக்குப்படி நான்காவது கியரில் அது 112 கி.மீ. வேகம்; அந்த வண்டியின் உச்சமும் ஏறக்குறைய அதுவே. ஐந்தாவதில் அதே 4200 சுற்றுக்குப் போக 140-ஐத் தொட வேண்டும். அந்த வேகத்தில் காற்றைத் தள்ள 50 குதிரை போதாது. ஆக, உச்ச வேகம் ஏறாது, சில வண்டிகளில் கொஞ்சம் இறங்கவும் செய்யும்.

பெட்ரோல் விஷயம் இன்னும் சுவாரசியமானது. ஒரே வேகத்துக்குத் தேவையான சக்தி ஒன்றுதான். சுற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சின் 25 சதவீதம் கூடுதலாகத் திருக வேண்டும். அதனால் ஐந்தாவதில் ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அமுக்க வேண்டியிருக்கும். அமுக்கினால் பெட்ரோல் கூடத்தானே செலவாகும்? இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். கார்புரேட்டருக்குள் த்ராட்டில் தகடு பாதி மூடியிருக்கும்போது, பிஸ்டன் காற்றை இழுக்கவே சக்தியை வீணாக்குகிறது. நுனியை நசுக்கிய ஸ்ட்ராவில் நன்னாரி சர்பத் உறிஞ்சுகிற பாடு அது. தகடு நன்றாகத் திறந்தால் அந்த வீண் இழப்பு குறையும். சுற்றும் குறைவு, உரசலும் குறைவு. காலை அமுக்கியும் பெட்ரோல் மிச்சமாவது இதனால்தான்.

ஆனால் ஆனி, ஆடியில் பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் போகிறவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று அப்போது நேர் எதிரே வரும். வண்டி 80-ல் போக, எதிர்க்காற்று 30-ல் வந்தால், வண்டியைப் பொறுத்தவரை காற்றின் வேகம் 110. காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால் அது ஏறக்குறைய 1.9 மடங்காகிவிடும். ஐந்தாவதில் வண்டி திணறும். பேசாமல் நான்காவதுக்கு வந்துவிட வேண்டியதுதான். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும், அப்போது ஐந்தாவது சுகம்.

சரி, டிஃபரன்ஷியலையே மாற்றிவிட்டால் என்ன? மாற்றலாம், சுற்று குறையும். ஆனால் முதல் கியர் உட்பட எல்லா கியரின் இழுவையும் சேர்ந்தே குறையும். குடும்பத்தோடும் பாத்திர பண்டத்தோடும் மாஞ்சோலை ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கிளட்ச் புகைந்துவிடும். ஐந்து கியர் பெட்டி என்றால் முதல் கியரின் இழுவை அப்படியே இருக்க, நேர்ச்சாலைக்கு மட்டும் ஒரு படி கூடுகிறது.

பெட்டிக்குள் நடப்பதையும் பார்த்துவிடுவோம். எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்ட்டும், பின்னால் போகும் மெயின் ஷாஃப்ட்டும் ஒரே கோட்டில் இருக்கும். அவற்றுக்குக் கீழே லே ஷாஃப்ட். முதல் மூன்று கியரிலும் சக்தி லே ஷாஃப்ட்டுக்கு இறங்கி மறுபடி மேலே ஏறும். நான்காவதில் மேலே உள்ள இரண்டு ஷாஃப்ட்டும் நேரடியாகப் பூட்டிக்கொள்ளும். பல்லோடு பல் இழுக்கும் வேலையே இல்லை. ஐந்தாவதில் சக்தி மறுபடி லே ஷாஃப்ட் வழியே சுற்றிக்கொண்டு போகிறது. அதில் சிறு இழப்பு உண்டு, ஆனால் எஞ்சினில் கிடைக்கும் மிச்சம் அதைவிடப் பெரிது. பல பெட்டிகளில் இந்த ஐந்தாவது ஜோடி வால்பகுதியில் தனியாக உட்கார்ந்திருக்கும்.

புதுப் பெட்டியில் எல்லா முன்கியருக்கும் சின்க்ரோ வளையம் உண்டு. பித்தளைக் கூம்பு ஒன்று கியரோடு உரசி, இரண்டின் சுற்றும் சமமான பிறகே பற்களைக் கோக்கவிடும். பழைய அம்பாசிடரில் முதல் கியருக்கு அது கிடையாது. ஓடும்போது முதலுக்கு வர டபுள் கிளட்ச் (நடுவில் நியூட்ரலில் கிளட்சை விட்டு மறுபடி அமுக்குவது) போடத் தெரிய வேண்டும், இல்லையென்றால் பல் கரகரக்கிற சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்க்கும்.

எந்தப் பெட்டியை எடுப்பது? இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சின் குறுக்காக நின்று முன்சக்கரத்தை ஓட்டுவதால் அந்தப் பெட்டி உதவாது. பின்சக்கர வண்டி வேண்டும். காயலான் கடையில் குவாலிஸ், சுமோ, பொலிரோ, ஜிப்சி வகைகளில் தேடலாம். ஜீப் வகைப் பெட்டி என்றால் முதல் கியர் விகிதத்தைப் பல் எண்ணிப் பார்த்துவிட வேண்டும். அது அளவுக்கு மீறிய இழுவையாக இருந்தால், கிளம்பி நாலடி போவதற்குள் இரண்டாவதுக்கு மாற்ற வேண்டிவரும். இசுசு பெட்டியும் பழைய எஞ்சினில் நேரே உட்காராது. அதன் முகம் வேறு எஞ்சினுக்கு அளவெடுத்தது.

ஆகவே நடுவில் ஓர் அடாப்டர் தகடு தேவை. லேத்காரரின் கைத்திறன் இங்கேதான் தெரியும். போல்ட் துளைகள் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. கிராங்க் ஷாஃப்ட்டின் மையமும் பெட்டி ஷாஃப்ட்டின் மையமும் ஒன்றாக வர வேண்டும். ஃப்ளைவீலில் டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) பொருத்தி, முள்ளை, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் துளையின் உட்சுவரில் தொடவிட்டு, எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுவார்கள். முள் காட்டும் மொத்த ஆட்டம் 0.12 மி.மீ. அளவைத் தாண்டக் கூடாது. உண்மையான விலகல் அதில் பாதிதான், முள் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. இதைக் கவனிக்காமல் பூட்டினால் பெட்டி ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் புஷ் தேயும், கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளும், கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி விரிசல் விடும். கிளட்ச் பிளேட்டுக்கும் ஓர் ஒட்டுவேலை உண்டு: வெளிவிட்டம் பழைய பிரஷர் பிளேட்டுக்குப் பொருந்த வேண்டும், நடுத்துளையின் பல்வரிசை புதுப் பெட்டிக்கு. இரண்டையும் சேர்த்து ரிவெட் அடித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது கோணம். புதுப் பெட்டியின் நீளம் வேறு என்பதால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டி அளவாக்கி பேலன்ஸ் செய்ய வேண்டும். அதன் இரு முனையிலும், தண்டைச் சாய்ந்த நிலையிலும் சுற்றவிடும் கிராஸ் ஜாயின்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. சாய்வாகச் சுற்றும்போது, உள்ளே வருவது சீரான வேகமாக இருந்தாலும் வெளியே போவது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். பின்முனையில் இருக்கும் ஜாயின்ட் அதே கோணத்தில் நின்றால் இந்தத் தள்ளாட்டம் அடிபட்டுப் போகும். கோணம் மாறினால் மிச்சம் வண்டியின் உடம்பில் அதிர்வாக வந்து சேரும். இப்போது செல்ஃபோனில் உள்ள லெவல் செயலியைப் பெட்டியின் வால்முகத்திலும் டிஃபரன்ஷியலின் பினியன் முகத்திலும் வைத்தே அளந்துகொள்கிறார்கள்.

எண்ணெயில் அசட்டை கூடாது. ஜி.எல். 5 என்ற கியர் எண்ணெய் வகையில் இருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளை வளையத்தை அரிக்கக்கூடும். பெட்டிக்குச் சொல்லப்பட்டது ஜி.எல். 4 என்றால் அதையே ஊற்றுங்கள். ஸ்பீடோமீட்டருக்கு ஓட்டம் பெட்டியின் வெளிமுனையிலிருந்து வருவதால் ஐந்தாவது போட்டதால் அது தப்பாகாது. ஆனால் புதுப் பெட்டியின் ஸ்பீடோ பல் எண்ணிக்கை வேறு என்றால் எப்போதுமே தப்புத்தான்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, எஞ்சின் மாறாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டிக்குத்தான் பழம்பெரும் (விண்டேஜ்) வண்டிகளுக்கான ‘வி.ஏ.’ வரிசை எண் கிடைக்கும். அந்த எண்ணத்தில் இருப்பவர் சேசிஸில் கேஸ் கட்டரை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

பூட்டி முடித்து ஓட்டிப் பார்க்கும்போது அறுபது, எழுபதில் அதிர்வு வந்தால் உடனே பெட்டியைக் கழற்ற வேண்டாம். வெற்றுச் சாலையாகப் பார்த்து அதே வேகத்தில் நியூட்ரலுக்கு வாருங்கள். அதிர்வு நின்றால் கோளாறு எஞ்சின், கிளட்ச் பக்கம், டயல் கேஜை மறுபடி எடுக்க வேண்டும். நிற்காமல் தொடர்ந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பாருங்கள். பெட்டியின் வாலைத் தாங்கும் கிராஸ் மெம்பரில் ஒரு ஷிம் (மெல்லிய தகடு) கூட்டியோ குறைத்தோ கோணத்தைச் சரிசெய்தாலே பல வண்டிகள் அடங்கிவிடும்.