கூடுதலாக வந்த ஜெட்களும் புரோட்டானின் உட்கணக்கும்

1996-இல் அமெரிக்காவின் ஃபெர்மிலாப் துகள் ஆய்வகத்தில் இருந்த சிடிஎஃப் ஆய்வுக் குழு இயற்பியலாளர்களைப் பரபரக்க வைத்தது. டெவட்ரான் மோதியில், அதாவது துகள்களை வேகமாக்கி மோதவிடும் இயந்திரத்தில், புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் 1.8 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் மோதியபோது, பக்கவாட்டில் அதிக ஆற்றலோடு சிதறும் ஜெட்கள், அதாவது துகள் தாரைகள், கோட்பாடு சொன்னதைவிடக் கூடுதலாக இருந்தன. புரோட்டானை ஆக்கும் குவார்க்குக்குள்ளும் அதைவிடச் சிறிய ஏதோ ஒன்று இருந்தால் இப்படித்தான் தெரியும். ஆனால் விடை வேறு பக்கம் இருந்தது: புரோட்டானுக்குள் என்ன இருக்கிறது என்ற கணக்கே போதுமான அளவு சரியாக இல்லை.

இரண்டு அப் குவார்க், ஒரு டவுன் குவார்க் சேர்ந்தது புரோட்டான் என்று படித்திருப்போம். பாய்ந்து வரும் புரோட்டானில் அந்த மூன்றோடு, குவார்க்குகளை ஒட்டி வைக்கும் குளுவான்களும், தோன்றி மறையும் குவார்க், எதிர்க்குவார்க் இணைகளும் நெரிசலாக இருக்கின்றன. உள்ளே இருக்கும் இவற்றுக்கு ரிச்சர்ட் ஃபைன்மன் வைத்த பொதுப்பெயர் பார்ட்டான். மோதியில் நிஜமாக மோதிக்கொள்பவை இவைதான். எந்தப் பார்ட்டான், புரோட்டானின் உந்தத்தில் எவ்வளவு பங்கைச் சுமந்து வர எத்தனை வாய்ப்பு உண்டு என்பதைக் காட்டும் வளைவுகளே பார்ட்டான் பரவல்கள்.

அந்தப் பங்கு ஏன் முக்கியம்? ஜெனீவா அருகே உள்ள எல்எச்சி மோதியின் ஆற்றல் 13.6 டெரா எலக்ட்ரான் வோல்ட். பத்தில் ஒரு பங்கைச் சுமந்த இரண்டு பார்ட்டான்கள் நேருக்கு நேர் மோதினால் கிடைப்பது 1.36 மட்டுமே. இரண்டும் பாதிப் பங்கைச் சுமந்து வந்தால் 6.8. கனமான புதுத் துகள் பிறக்க இந்த இரண்டாவது வகை மோதல் வேண்டும், ஆனால் அது மிக அரிது. உந்தத்தில் பாதியைத் தனியாளாகச் சுமக்கும் குளுவான் அதிலும் அரிது.

இந்த வளைவுகளைப் பேனா பிடித்துக் கணக்கிட்டுவிட முடியாது. குவார்க்குகளைப் பிணைக்கும் வலுவிசை புரோட்டானின் அளவில் அவ்வளவு வலுவானது, வழக்கமான தோராயக் கணக்குகள் அங்கே பலிக்காது. அதனால் அளந்துதான் பார்க்க வேண்டும். ஹாம்பர்கில் 1992 முதல் 2007 வரை இயங்கிய ஹேரா மோதி, வலுவிசைக்குக் கட்டுப்படாத எலக்ட்ரானை ஏவி புரோட்டானைத் துருவியது. இதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: ஓர் ஆற்றலில் அளந்துவிட்டால் போதும், வேறோர் ஆற்றலில் வளைவு எப்படி மாறும் என்பதைச் சமன்பாடுகள் சொல்லிவிடும்.

மறுபடி 1996-க்கு வருவோம். பெரிய பங்கைச் சுமக்கும் குளுவான்கள் எத்தனை என்பதை அன்றைய தரவுகள் இறுக்கமாகக் கட்டுப்படுத்தவில்லை. அங்கே குளுவான் வளைவைக் கொஞ்சம் உயர்த்தியதும், மற்ற அளவீடுகளைப் பெரிதாகக் கெடுக்காமலே கூடுதல் ஜெட்களுக்குக் கணக்கு கிடைத்துவிட்டது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு, அதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. உச்ச ஆற்றல் தரவுகளையே கொண்டு வளைவைத் திருத்தினால், அதில் ஒளிந்திருக்கும் நிஜமான புதுமையையும் குளுவான் கணக்கில் எழுதி மறைத்துவிடுவோம்.

தப்பிக்க ஒரு நல்ல வழி, சமமில்லாத மோதல்கள். ஒரு பார்ட்டான் பாதிப் பங்கோடும், எதிரே வருவது பத்தாயிரத்தில் இரண்டு பங்கோடும் மோதினால் கிடைக்கும் ஆற்றல் 0.136 டெரா எலக்ட்ரான் வோல்ட்தான். கனமான புதுத் துகள் நேரடியாகப் பிறக்க அங்கே இடமில்லை. பிறப்பவை கற்றையை ஒட்டியே பாயும், எல்எச்சியில் உள்ள எல்எச்சிபி கருவி கவனிப்பது அந்தத் திசையைத்தான். பெரிய பங்கின் வளைவை அங்கே அளந்து, சமன்பாடுகளின் வழியே உச்ச ஆற்றலுக்கு எடுத்துச் சென்று, அங்கு கிடைத்த ஜெட்களோடு ஒப்பிடலாம். அப்போதும் ஜெட்கள் மிஞ்சி நின்றால், அந்த மிச்சத்தைக் குளுவான் தலையில் கட்டுவது எளிதாக இருக்காது.