ரேம் டிஸ்க்கில் கேமைப் போடும் முன்

"ரேம்ல பாதியை டிரைவா மாத்தி, கேமை அதுக்குள்ள போட்டுக் குடுங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டு கல்லூரித் தம்பிகள் எங்கள் சர்வீஸ் கடைக்கு அடிக்கடி வருகிறார்கள். ஏதோ ஒரு வீடியோவில் நொடிக்கு 10,000 எம்பி என்று ஓடும் வேகமானியைப் பார்த்திருப்பார்கள். அந்த எண் உண்மைதான். ஆனால் கேம் திறக்க ஆகும் நேரத்தோடு அதற்கு இருக்கும் தொடர்பு அவர்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. அந்தச் சிறிய லாபத்துக்காக அவர்கள் பணயம் வைப்பது என்ன என்பதையும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கணினி ஓடும்போது மட்டும் தகவலை வைத்திருக்கும் வேக நினைவகம்தான் ரேம். அதில் ஒரு பகுதியை ஒதுக்கி, அதை விண்டோஸுக்கு இன்னொரு டிரைவ் போலக் காட்டும் ஏற்பாடுதான் ரேம் டிஸ்க். இது பழைய யோசனை. பிளாப்பியிலிருந்து ஒவ்வொரு கோப்புக்கும் காத்திருந்த, விண்டோஸுக்கு முந்தைய எம்எஸ்-டாஸ் காலத்திலேயே இதற்கான டிரைவர் மென்பொருள் கூடவே வந்தது. 2005இல் ஜிகாபைட் நிறுவனம் 'ஐ-ரேம்' என்று ஒரு கார்டே விற்றது. நான்கு ரேம்கள் செருகலாம், அதிகபட்சம் 4 ஜிபி. கரண்ட் போனால் தாங்குவதற்கு ஒரு பேட்டரியும் அதில் இருந்தது. சிப்பில் தகவலை வைக்கும் எஸ்எஸ்டி டிரைவ்கள் பரவாத அந்த நாட்களில் அதற்கு அர்த்தம் இருந்தது.

ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் உள்ளே இருக்கும் முள் நகர்ந்து போய்த் தேட வேண்டும். ஒரு தேடலுக்கு சுமார் 10 மில்லி நொடிக்கு மேல் ஆகும். கேமில் இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகள் உண்டு. ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே கேபிளில் மாட்டும் சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறியதும் அந்தக் காத்திருப்பு கிட்டத்தட்ட மறைந்துவிடும், வேகமும் நொடிக்கு 550 எம்பி வரை போகும். அதைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி என்றால் பெரும்பாலும் 3,500 முதல் 7,000 எம்பி. டிடிஆர்4 3200 என்ற வகை ரேம்கள் இரண்டு சேர்ந்தால் கணக்குப்படி 51,200 எம்பி. காகிதத்தில் பார்த்தால் கடைசிப் படிதான் பெரிய தாவல். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் முதல் படியோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

ஏனென்றால் 'லோடிங்' என்று திரையில் ஓடும் நேரம் முழுவதும் டிஸ்க் வேலை செய்வதில்லை. சுருக்கி வைத்த கோப்புகளை ப்ராசஸர் விரிக்க வேண்டும், காட்சியை வரைய உதவும் ஷேடர் நிரல்களைத் தயார் செய்ய வேண்டும், கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்ப வேண்டும், ஆன்லைன் கேம் என்றால் சர்வர் பதிலுக்கும் காத்திருக்க வேண்டும். ஜிடிஏ ஆன்லைனை நினைத்துப் பாருங்கள். கணினியில் அது திறக்கப் பல நிமிடம் ஆகும் என்று எல்லோரும் புலம்பினார்கள். 2021இல் வெளியாள் ஒருவர், ஒரு நிரலாளர், உள்ளே நோண்டிப் பார்த்தார். விற்பனைப் பொருட்களின் பட்டியல் ஒன்று, சுமார் 10 எம்பி, அதில் 63,000 பொருட்கள் போல. ஒவ்வொன்றைப் படிக்கும்போதும் மீதி இருக்கும் மொத்த எழுத்துகளையும் மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தது ப்ராசஸர். அதைத் திருத்தியதும் அவருடைய கணினியில் 6 நிமிடம் 2 நிமிடத்துக்குள் வந்தது. கேம் நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்டு அப்டேட் விட்டது. அந்த நிமிடங்களை எந்த ரேம் டிஸ்க்காலும் குறைத்திருக்க முடியாது.

உங்கள் கேம் எந்த வகை என்பதைக் காசு செலவில்லாமல் பார்த்துவிடலாம். கணினியை ரீஸ்டார்ட் செய்து கேமைத் திறந்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே வந்து உடனே மறுபடி திறந்து அதே லெவலை லோடு செய்யுங்கள். ஒருமுறை படித்த கோப்புகளை விண்டோஸ் தானாகவே காலியாக உள்ள ரேமில் வைத்திருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் போனால் 'கேஷ்டு' என்று அந்த அளவு தெரியும். ஆகவே, ரேம் போதுமான அளவு காலியாக இருந்தால், இரண்டாவது முறை நீங்கள் பார்ப்பது கிட்டத்தட்ட ரேம் டிஸ்க்கின் வேகத்தைத்தான். இரண்டு நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் ரேம் டிஸ்க்கும் எதுவும் செய்யப் போவதில்லை. கடையில் நான் முதலில் செய்து காட்டுவது இதைத்தான். பலர் இதோடு திருப்தியாகிப் போய்விடுகிறார்கள்.

அப்புறம் இடக் கணக்கு. 60 ஜிபி கேமை 16 ஜிபி ரேமில் எங்கே வைப்பது? 64 ஜிபி இருந்தால்கூட கேம் ஓடவும் விண்டோஸ் ஓடவும் தனியாக வேண்டும். அதைப் பறித்தால் விண்டோஸ் எஸ்எஸ்டியையே ரேம் போலப் பயன்படுத்தத் தொடங்கி, விளையாட்டு நடுவே திக்கும். போதாததற்கு, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கேமை அங்கே திரும்ப ஏற்ற வேண்டும். நொடிக்கு 120 எம்பி தரும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 60 ஜிபி வர 8 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

இவையெல்லாம் நேரம் வீணாகும் விஷயம். எனக்கு உண்மையாகவே கவலை தருவது அடுத்தது. மின்சாரம் நின்ற நொடியில் ரேமில் உள்ளது போய்விடும். மென்பொருள் 'ஷட் டவுன் ஆகும்போது சேமித்துக்கொள்வேன்' என்று சொல்லும். முறையாக ஷட் டவுன் செய்தால் சரி. கரண்ட் போனாலோ விண்டோஸ் முடங்கி நீலத் திரை வந்தாலோ அந்த வேலை நடக்காது. ஒரு மாணவர் சேவ் ஃபோல்டரையும், வேகமாகத் திறக்கிறதே என்று கல்லூரி ப்ராஜெக்ட்டையும் அதே டிரைவில் வைத்திருந்தார். யுபிஎஸ் பேட்டரி செத்துப்போயிருந்தது. மதியம் கரண்ட் கட். ஹார்ட் டிஸ்க்கில் அழிந்ததை ஓரளவு மீட்டுக் கொடுத்த அனுபவம் எங்களுக்கு உண்டு. இதில் மீட்பதற்கு ஒன்றுமே இருக்காது. அதை அவருக்குச் சொல்லிப் புரியவைப்பது ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

இன்னொன்று, இந்த மென்பொருள்கள் விண்டோஸின் அடித்தளத்தில் டிரைவராக உட்காருபவை. கிராக் செய்த பதிப்பை எங்கிருந்தோ இறக்கிப் போடுவது வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பதற்குச் சமம். தயவுசெய்து வேண்டாம்.

இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் கேம் வைத்திருப்பவர் ரேம் டிஸ்க்குக்காகச் செலவழிக்க நினைக்கும் பணத்துக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கட்டும். ஒரே ரேம் போட்டிருப்பவர் அதே அளவில் இன்னொன்றைச் சேர்த்து இரண்டும் ஒரே நேரத்தில் தகவல் தரும் இரட்டைச் சேனலில் ஓட்டட்டும். இரண்டும் எல்லா வேலைக்கும் உதவும்.

ரேம் டிஸ்க் உண்மையில் பொருந்தும் இடங்களும் உண்டு. அழிந்தாலும் பரவாயில்லை என்கிற தற்காலிகக் கோப்புகள், நிறைய ரேம் உள்ள கணினியில் சில ஜிபியே வரும் பழைய கேம்கள், நண்பர்களுக்காக நடத்தும் மைன்கிராஃப்ட் சர்வர். சர்வரில் விளையாட்டு உலகம் சேமிக்கப்படும் ஃபோல்டரை அதில் வைப்பவர்கள், 15 நிமிடத்துக்கு ஒருமுறை எஸ்எஸ்டிக்குத் தானாக நகல் எடுக்கும்படி ஒரு சின்ன நிரல் (ஸ்கிரிப்ட்) போட்டுக்கொள்ளுங்கள். நகல் எடுக்கும் முன் சர்வரைச் சேமிக்கச் சொல்லிவிட்டு எடுங்கள். பழைய நகலின் மேலேயே எழுதாமல் இரண்டு மூன்றை மாற்றி மாற்றி வையுங்கள். நகல் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனாலும் முந்தையது முழுதாக இருக்கும்.