புது ஃபிளாட்: விலைக்கு மேல் கையில் எவ்வளவு வேண்டும்?

ஃபிளாட் 60 லட்சம் என்று பில்டர் சொல்கிறார். வங்கியில் கேட்டால் 80 சதவீதம் கடன் தருவதாகச் சொல்கிறார்கள். மீதி 12 லட்சம் சேமிப்பில் இருக்கிறது, போதும் என்று நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடுபவர்கள் நிறையப் பேர். பத்திரப் பதிவு நெருங்கும்போதுதான் இன்னும் பல லட்சம் தேவை என்று தெரிகிறது, வீட்டு நகை அடகுக்குப் போகிறது. முதல் நாளே கணக்குப் போட்டுவிட்டால் இதைத் தவிர்க்கலாம். போட முடியாத கணக்கும் இல்லை, பெரும்பாலான செலவுகளுக்கு விதி எழுதியே இருக்கிறது.

முதலில் வங்கி. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30 முதல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம் வரையும், அதற்கு மேல் 75 சதவீதம் வரையும் தரலாம். இந்த மதிப்பில் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், ஆவணச் செலவு எதையும் சேர்க்கக் கூடாது. வீட்டின் விலை 10 லட்சத்துக்குள் இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. அதாவது, பத்திரச் செலவு முழுக்க உங்கள் கைக்காசு. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

சரி, பத்திரச் செலவு எவ்வளவு? தமிழ்நாட்டில் பொதுவாக ஒரு கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. புது ஃபிளாட்டுக்கு மட்டும் வேறு முறை. முன்பெல்லாம் பிரிபடாத மனைப் பங்குக்கு (யுடிஎஸ் என்று சொல்வார்களே, அதற்கு) ஒரு கிரயப் பத்திரமும், கட்டடத்துக்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தமும் போடுவார்கள். 2023 டிசம்பர் 1 முதல் மனைப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதியும் முறை வந்தது. அதற்கு ஈடாகத் தீர்வையைக் குறைத்தார்கள். பில்டரிடமிருந்து முதன்முறையாக வாங்கும் ஃபிளாட்டின் மதிப்பு 50 லட்சம் வரை என்றால் தீர்வை 4 சதவீதம், 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம். இரண்டிலும் பதிவுக் கட்டணம் 2 சதவீதம் கூடும். 3 கோடியைத் தாண்டினால் பழைய 9 சதவீதமே. ஏற்கெனவே ஒருவர் வாங்கிக் குடியிருந்த ஃபிளாட்டை அவரிடமிருந்து வாங்கினால் இந்தச் சலுகை கிடையாது.

நம் 60 லட்சம் ஃபிளாட்டுக்குத் தீர்வை 3 லட்சம், பதிவுக் கட்டணம் 1 லட்சத்து 20 ஆயிரம். அரசு நிர்ணயித்த மதிப்பு நீங்கள் கொடுக்கும் விலையைவிட அதிகமாக இருந்தால் அந்த மதிப்புக்குத்தான் கட்டணம். ஆகவே பேரம் பேசி விலை குறைந்துவிட்டது என்பதற்காகப் பத்திரச் செலவும் அதே அளவு குறையும் என்று எண்ண வேண்டாம்.

அடுத்தது ஜிஎஸ்டி. கட்டிக்கொண்டிருக்கும்போது வாங்கினால் 5 சதவீதம். பணி நிறைவுச் சான்றிதழ் வந்த பிறகு முழுப் பணத்தையும் கொடுத்து வாங்கினால் ஜிஎஸ்டியே இல்லை. 60 லட்சத்தில் இது 3 லட்ச ரூபாய் வித்தியாசம். ஆனால் கட்டி முடித்த வீட்டுக்குப் பில்டர் விலையையும் ஏற்றித்தான் சொல்வார், எனவே இரண்டு மொத்தத் தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தே முடிவெடுங்கள். ஜிஎஸ்டித் தொகையையும் கடனுக்கான மதிப்பில் சேர்ப்பார்களா என்பதை வங்கியில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த 5 சதவீதம் 1 சதவீதமாகக் குறையும் இடம் ஒன்று உண்டு. சென்னை போன்ற பெருநகரில் கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் கிடைக்கும் தரைப்பரப்பு, 60 சதுர மீட்டருக்குள் (சுமார் 645 சதுர அடி), மற்ற ஊர்களில் 90 சதுர மீட்டருக்குள் இருந்து, விலையும் 45 லட்சத்துக்குள் இருந்தால் அது மலிவு விலை வீடு. 44 லட்சம் வீட்டுக்கு வரி 44 ஆயிரம். அதுவே 46 லட்சமானால் 2 லட்சத்து 30 ஆயிரம்! கார் பார்க்கிங், மேம்பாட்டுக் கட்டணம், நல்ல திசைக்காகவும் மாடிக்காகவும் வாங்கும் கூடுதல் தொகை என எல்லாம் சேர்ந்துதான் இந்த 45 லட்சம். வீடு 43 லட்சம், பார்க்கிங் 3 லட்சம் என்று தனித்தனியாகப் பில் போட்டாலும் நீங்கள் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள்.

50 லட்சத்திலும் ஒரு கோடு இருக்கிறது. 50 லட்சமோ அதற்கு மேலோ விலை உள்ள சொத்து என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தை நீங்களே டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். இது கூடுதல் செலவு கிடையாது, விலையிலிருந்தே கழித்துக் கட்டுவது. மறந்தால்தான் செலவு: வட்டியும் தாமதக் கட்டணமும் வாங்குபவர் தலையில் விழும்.

அப்புறம் பில்டர் கேட்கும் தொகைகள். இதில் ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யும் முன்பு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது (பிரிவு 13). திறந்தவெளிப் பார்க்கிங்கைச் சட்டம் பொது இடமாகவே வைத்திருக்கிறது. அதைத் தனியாக விற்க வந்தால் எந்த விதிப்படி என்று தயங்காமல் கேளுங்கள். பொது இடங்களின் பங்கையும் சேர்த்த 'சூப்பர் பில்டப்' சதுர அடியில் விலையைச் சொன்னால், கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்று கேளுங்கள். வெளிச்சுவர், பால்கனி, மொட்டை மாடி நீங்கலாக, உள்தடுப்புச் சுவர்களைச் சேர்த்து வீட்டுக்குள் கிடைக்கும் தரைப்பரப்பு அது.

சாவி கைக்கு வரும்வரை அந்த இடத்துக்கான வரி, தண்ணீர், மின் கட்டணம் போன்றவை பில்டரின் பொறுப்பு. சாவி வாங்கியபின் உங்கள் பங்கு உங்களுடையது. இபி டெபாசிட், குடிநீர் இணைப்பு, முன்கூட்டியே வாங்கும் ஓரிரு வருட மெயின்டனன்ஸ், பின்னாளில் வரும் பெரிய பராமரிப்புக்கான கார்ப்பஸ் ஃபண்டு எல்லாம் ஒப்பந்தத்தில் தொகையோடு இருக்கட்டும். "அப்போதைய நிலவரப்படி" என்ற வாசகம் தென்பட்டால் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியை மாற்றச் சொல்லுங்கள். கார்ப்பஸ் பணம் பிறகு குடியிருப்போர் சங்கத்துக்கு வந்து சேர வேண்டியது என்பதையும் எழுத வையுங்கள்.

வக்கீலின் லீகல் ஒப்பீனியன், வங்கியின் பிராசசிங் கட்டணம், கடனுக்காகப் பத்திரத்தை அடமானம் வைக்கும் பதிவுச் செலவு ஆகியவை சிறிய தொகைகள்தான், ஆனால் ஒரே மாதத்தில் வரிசையாக வரும். புது வீட்டில் கிரில், அலமாரி, மின்விசிறி, கிச்சன் வேலை எதுவும் இருக்காது. குடிபோகும் முதல் வாரமே இல்லாமல் முடியாதவற்றை மட்டும் இப்போது செய்யுங்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் இன்னொரு செலவு ஓசையில்லாமல் ஓடும். வங்கி விடுவித்த தொகைக்கு வட்டி ஒருபக்கம், இருக்கும் வீட்டு வாடகை மறுபக்கம். ஒப்பந்தத்தில் சொன்ன தேதிக்கு மேல் ஆறு மாதத்துக்காவது இந்த இரட்டைச் செலவை ஒதுக்கி வைப்பது நல்லது. தேதி தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கவோ, வேண்டாம் என்று பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கவோ ரெரா சட்டத்தின் பிரிவு 18 உரிமை தருகிறது. ஆனால் அந்தப் பணம் உடனே கைக்கு வராது, பட்ஜெட்டில் வரவாக எழுதாதீர்கள்.

ஆக, கட்டிக்கொண்டிருக்கும் 60 லட்சம் ஃபிளாட்டுக்கு 12 லட்சம் முன்பணம், 4.2 லட்சம் பத்திரம், 3 லட்சம் ஜிஎஸ்டி, மொத்தம் 19.2 லட்சம். பில்டரின் டெபாசிட்டுகளும் உள்வேலையும் இதற்கு மேல்.

ஒரு செலவை மட்டும் தைரியமாக அடித்துவிடலாம். குடிபோனபின் 5 ஆண்டுக்குள் சுவரில் விரிசல், நீர்க்கசிவு என்று கட்டுமானக் கோளாறோ தரக்குறைவோ தெரிந்தால், எழுத்தில் தெரிவித்த 30 நாளுக்குள் பைசா வாங்காமல் பில்டர் சரிசெய்து தர வேண்டும். ஃபோட்டோ எடுத்துத் தேதி போட்டு, பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.